ஐந்து நிமிடச் சமையல்

சீன உணவுக் கடையிற் பொதியாக வாங்கும் பண்டங்களை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் ஆக்கிவிடலாம் என்று சமையற் குறிப்புகள் இன்று உலகெங்கும் பறைசாற்றுகின்றன. இக்கூற்றுப் பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. அடுப்பெரியும் ஐந்து நிமிடத்தை எண்ணுவோர், அதற்கு முன்னர்க் கத்தியோடு கழியும் அரைமணி நேரத்தை எண்ணுவதில்லை. எண்ணப்படாத அந்த உழைப்பு யாருடையது என்பதே ஈண்டு நாம் கேட்க விரும்பும் வினா.

இவ்வுணவு அமெரிக்காவில் வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சீனத் தொழிலாளர் குடிபுகுவதை அந்நாடு 1882ஆம் ஆண்டிற் சட்டமியற்றித் தடுத்தது. அச்சட்டம் 1943ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. முன்னரே அங்கு குடியேறியிருந்தோர்க்குப் பல தொழில்களின் வாயில்கள் அடைபட்டிருந்தமையால், அவருட் பலர் சலவைக் கடையையும் உணவுக் கடையையும் நம்பி வாழ்ந்தனர். கடையின் முன்புறத்தில் நின்றவர் கண்டது, கேட்டவுடன் ஆவி பறக்க வந்த 'சொப் சூயி'யை மட்டுமே. பின்கட்டிலிருந்து அரிந்தும் நறுக்கியும் வைத்த கைகளை அவர் காணவில்லை. கடையின் விரைவு பல கைகள் கூடி ஈட்டிய விரைவாகும்.

1945ஆம் ஆண்டில், மருத்துவம் பயின்ற புவெய் யாங் சாவ் என்னும் அம்மையார் சீனச் சமையல் பற்றிய ஒரு நூலை அமெரிக்காவில் வெளியிட்டார். அவருடைய கணவர் யுவென் ரென் சாவ் புகழ்பெற்ற மொழியியலறிஞர். நூலை ஆங்கிலத்தில் அமைக்க மகளும் கணவரும் துணைநின்றனர். கடுந்தீயிற் கிளறிப் பொரிக்கும் சீன முறைக்கு 'ஸ்டேர் பிரை' என்னும் ஆங்கிலத் தொடர் இந்நூலின் வழியாகவே வழக்கிற்கு வந்தது. பொருத்தமான தொடர்தான். எனினும், அது கிளறுதலையும் பொரித்தலையும் சொல்லுகின்றது, அரிதலைச் சொல்லவில்லை. சொல்லிலும் கத்தியின் உழைப்பு மறைந்தே நிற்கின்றது.

உண்மையில் அச்சமையலின் உயிர்நாடி கத்தியே. சிறு துண்டு விரைவில் வேகும். விரைவில் வெந்தால் எரிபொருள் மிஞ்சும். 2022ஆம் ஆண்டிற் சமையல் எரிவாயுவுக்காக வரிசையில் நின்ற நமக்கு இதன் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. கோழியிறைச்சியை நாருக்குக் குறுக்கே மெல்லிதாக அரிந்து, சோயா சோசும் சிறிது சோளமாவும் பிசறி வைத்தால், அது தீயில் வறண்டுபோகாது. இஞ்சி, உள்ளி, காய்கறி யாவும் நறுக்கித் தனித்தனியே இருத்தல் வேண்டும். சோறு முதல்நாளே சமைத்துக் குளிர்பெட்டியில் வைத்ததாயின் ஒட்டாது உதிரும். வீட்டடுப்பின் தீ கடையடுப்பின் தீக்கு ஈடாகாது. ஆதலால் நன்றாகக் காய்ந்த தாச்சியில் சிறிது சிறிதாகவே இட்டுக் கிளறல் வேண்டும். அனைத்தையும் ஒருங்கே கொட்டினால் தாச்சி குளிரும், காய் நீர் விடும், பொரியல் அவியலாகும். அடுப்பை மூட்டிய பின்னர் வெங்காயம் தேடுபவருக்கு இச்சமையல் கைவராது.

இனி நம் வினாவிற்கு வருவோம். பல கைகள் செய்த வேலையை வீட்டிற்குக் கொண்டுவரும்போது, அதனை ஒரு தாயின் இரு கைகளிற் சுமத்திவிட்டு, 'ஐந்து நிமிட வேலைதானே' என்கின்றோம். அலுவலகத்திலோ பாடசாலையிலோ பகலெல்லாம் உழைத்துத் திரும்பும் பெண்ணை நோக்கி இவ்வாறு சொல்வது நன்றியின்மையாகும். அடுப்பின் முன் ஒருவர் நின்றாற் போதும். ஆனால் அரிதல் தீயின்றி நடைபெறும் வேலை; கூடத்து மேசையில் நால்வர் சுற்றியிருந்து பேசிக்கொண்டே செய்யத்தக்க வேலை. கணவர் இறைச்சியை அரியலாம். மகன் வெங்காயத்தாளை நறுக்கலாம். சிறுமி பட்டாணி உரிக்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் கால்மணி நேரம் இதனாற் கெட்டுவிடாது.

நால்வர் கூடி அரிந்தால் அவ்வுணவு மெய்யாகவே விரைவுணவாகும். ஒருவரே எல்லாவற்றையும் செய்தால், விரைவு உண்பவர்க்கு மட்டுமே உரியதாகும்.