கன்னு நட்ட கணக்கு வேண்டாம், மரம் நிக்கிற கணக்கைச் சொல்லுங்க!

பெரியகுளம் நகர, ஒன்றியப் பொதுமக்களே! தோழர்களே!

நாற்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் இது ஞாபகம் இருக்கும். வத்தலக்குண்டில் பஸ் ஏறினா தேவதானப்பட்டி, பெரியகுளம், கைலாசபட்டி, லட்சுமிபுரம்னு தேனி வரைக்கும் ரோட்டோரம் புளியமரம். வெள்ளை, கறுப்புப் பட்டை அடிச்சு, நம்பர் போட்ட மரங்கள். மாங்காய் மூட்டையோடு வந்தவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் அந்த நிழலில்தான் நின்றார்கள்.

திண்டுக்கல் – குமுளி சாலை அகலமானது. எத்தனையோ மரங்கள் போய்விட்டன. பதிலுக்கு நமக்குக் கிடைத்தது என்ன? ஆண்டுதோறும் ஜூன் 5-ஆம் தேதி ஒரு போட்டோ!

"ரோடு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேணும்ங்க. ஆம்புலன்ஸ் போகணும், காய்கறி லாரி போகணும், விபத்து குறையணும். ரோட்டை நாங்கள் எதிர்க்கவில்லை. வெட்டின மரத்துக்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்கிறோம்.

சாலையோரம் மரம் வைப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. 2,200 ஆண்டுகளுக்கு முன்பே, மனிதருக்கும் கால்நடைக்கும் நிழல் தர வழியெல்லாம் ஆலமரம் வைத்ததாகத் தூணில் வெட்டி வைத்தான் அசோகன். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரைச் சீமையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும், சாலையோர மரங்களையும் தென்மாவட்டத்து மக்கள் இன்றும் மறக்கவில்லை. "மங்கம்மா சாலை" என்ற பெயரே அதற்குச் சாட்சி. பிறகு வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா போர்டு வந்தது. அவன் தர்மத்துக்கு மரம் வளர்க்கவில்லை. புளி மகசூலை ஏலம் விட்டால் போர்டுக்குக் காசு. அதனால்தான் மரத்துக்கு மரம் நம்பர். ஒரு மரம் காணாமல் போனால் கணக்கில் உதைக்கும், மேலே இருந்து கேள்வி வரும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது, தோழர்களே. அந்த மரங்கள் பிழைத்ததற்குக் காரணம் ரெண்டு. ஒன்று, கணக்கு இருந்தது. இன்னொன்று, தண்ணி ஊத்த ஆள் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி 'வன மகோத்சவம்' தொடங்கினார். நல்ல நோக்கம்தான். ஆனால் நாளடைவில் மகோத்சவம் மட்டும் மிஞ்சியது, வனம் வரவில்லை! மேடை, மாலை, மண்வெட்டி, போட்டோ. மறுநாள் அந்தக் கன்றை ஆடு மேயும். மறுவருஷம் அதே குழியில் இன்னொரு கன்று. இந்தக் குற்றத்தில் எல்லாக் கட்சிக்கும் பங்கு உண்டு. தலைவர் பிறந்தநாளுக்குக் கன்று நட்டுவிட்டு திரும்பிப் பார்க்காத நம் கட்சிக் கிளைகளும் இதில் சேர்த்திதான். அதை ஒத்துக்கொண்டுதான் பேசுகிறோம்.

தண்ணி ஊத்தும் ஆள் எங்கே போனார்? 1997-ல் நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 10 ஆயிரம் சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். பள்ளம் அடைப்பது, புல் செதுக்குவது, கன்றைப் பராமரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. 2002-ல் ஒரே உத்தரவில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியது அன்றைய அரசு. 2006-ல்தான் திரும்ப எடுத்தார்கள். இடையில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. மரத்தைப் பார்த்துக்கொள்கிற தொழிலாளியை இப்படி நடத்திவிட்டு, "பசுமைத் தமிழ்நாடு" என்று பேனர் கட்டினால் பசுமை வந்துவிடுமா?

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய அரசின் 2015 பசுமை நெடுஞ்சாலைக் கொள்கைப்படி, திட்டச் செலவில் 1 சதவீதம் மரம் நடவும் பராமரிக்கவும் ஒதுக்க வேண்டும். 2022-ல் மாநில அரசு தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, காடும் மரமும் உள்ள பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது. காகிதத்தில் எல்லாமே இருக்கிறது. ரோட்டோரம் வந்து பாருங்க!

"ஒன்றுக்குப் பத்து நட்டுவிட்டோம்" என்பார்கள். இரண்டடிக் கன்று பத்தும் சேர்ந்தால் ஒரு புளியமரத்து நிழல் ஆகுமா? உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 74,500 ரூபாய் மதிப்புப் போட்டது. அந்தக் கணக்கில் 60 வயது மரம் ஒன்று 44 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். அதை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு நர்சரிக் கன்று வைப்பது எந்த ஊர் நியாயம்?

எதையாவது நட்டால் போதும் என்பதும் தப்பு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது கடலோரச் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அழகுக்கு வைத்த குல்மோகர் போன்ற வெளிநாட்டு மரங்களும், அடிவரை சிமென்ட் பூசி வேருக்கு மண்ணே இல்லாமல் விட்ட தெருமரங்களும் தாக்குப்பிடிக்கவில்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவு போட்டது. நம் தெருக்களில் பேவர் பிளாக் போடும்போது அந்த ஒரு மீட்டரை விடுகிறார்களா? உங்கள் வீட்டு வாசலில் நீங்களே அளந்து பாருங்க.

நமக்கு மரம் தெரியாதா? வராக நதியின் ஒரு கரையில் ஆண் மருதம், எதிர்க்கரையில் பெண் மருதம் என்று மரத்துக்கு உறவுமுறை சொல்லிக் காப்பாற்றிய ஊர் இது. எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று கேட்க, ஊரிலேயே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, அக்கறைக்குத்தான் பஞ்சம்.

எனவே நாங்கள் கோருவது:

1. நகராட்சியும் ஊராட்சிகளும் நெடுஞ்சாலைத் துறையும் நட்ட ஒவ்வொரு கன்றுக்கும் எண் போட வேண்டும். மூன்று வருஷம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்று பொதுவில் எழுதி ஒட்ட வேண்டும்.

2. சாலைப் பணியாளர் காலியிடங்களை நிரப்பி, கன்று பராமரிப்பை அவர்களுடைய முறையான வேலையாக ஒதுக்க வேண்டும்.

3. வெட்டுவதற்கு முன்பே அந்த மரத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். மாவட்டப் பசுமைக் குழு மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே அனுமதி தர வேண்டும்.

4. தெருமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விட வேண்டும். வேம்பு, புங்கை, பூவரசு, மருது, புளி போன்ற, நம் மண்ணில் தாக்குப்பிடிக்கும் மரங்களையே நட வேண்டும்.

எங்கள் பங்குக்கு ஒரு வாக்குறுதி: இனி நம் கிளைகள் கன்று நட்டால், நட்ட அன்று போட்டோ போட மாட்டோம். மூன்றாம் வருஷம், அந்த மரத்து நிழலில் நின்றுதான் போடுவோம். நாங்கள் மறந்தால் இந்தப் பதிவை எடுத்து வந்து எங்கள் முகத்துக்கு நேரே காட்டுங்க.

உங்கள் தெருவில் வெட்டப்பட்ட மரம் எது, பட்டுப்போன கன்று எத்தனை என்று எண்ணி எங்கள் கிளைத் தோழர்களிடம் சொல்லுங்கள். கணக்கை நாமே எடுப்போம். கையில் கணக்கோடு போய்க் கேட்போம்!

#மரம்_நிக்கிற_கணக்கு_எங்கே
#நிழல்_நம்_உரிமை
#பெரியகுளம்