வழுக்கி விழுந்தால் யார் குற்றம்?

பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி விடுகிறோம், அது பக்தி. நெல் அவிக்கும் ஆலைக்குள் வெறுங்காலோடு நிற்பது எந்தப் பக்தி?

காரைக்குடி வட்டாரத்தில், குறிப்பாகப் புதுவயல் பக்கம், அரிசி ஆலைகள் பல. அந்த வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊறல் தொட்டியைச் சுற்றித் தண்ணீர், தரையில் தவிட்டின் எண்ணெய்ப் பசை, காலடியில் உருளும் நெல், தலையில் மூட்டை. விழுந்தால், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்பார் முதலாளி. தரையில் வழுக்கும் பொருள் கிடக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 32-வது பிரிவே சொன்னது. பார்க்க வேண்டியவர் யார்?

அந்தச் சட்டத்தை ஒழித்து, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டத்தை மத்திய அரசு அமலாக்கியது. மின்சாரத்தில் ஓடும் ஆலை, 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது 20 பேராயிற்று. சிறு முதலாளிகளுக்குக் கொண்டாட்டம்! ஆனாலும் பாதுகாப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்ற விதி அதிலும் உண்டு. அதை விடாமல் பிடிப்போம்.

பூட்ஸ் கேட்கும்போது ஏமாறக் கூடாது, தோழர்களே. ஐ.எஸ். 15298 முத்திரை வேண்டும். அடியில் ஆழமான வரிகள் ஓரம்வரை ஓடித் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் அடி உதவாது. ஈரத்தில் நிற்பவருக்கு உயரமான ரப்பர் பூட்ஸ். பெண் தோழர்களுக்கு ஆண்கள் அளவைக் கொடுப்பது சுத்த மோசடி; தொளதொளத்த பூட்ஸே ஆளைத் தள்ளிவிடும். வரி தேய்ந்தால் புதிது தர வேண்டும். (நடவுச் சேற்றுக்கு இது ஆகாது, ஆலைக்குக் கூலிக்கு வரும் விவசாயத் தொழிலாளிக்கு அவசியம்.)

முதலில் தரையைக் கழுவி வடிகால் வெட்டட்டும், பிறகு பூட்ஸ். இரண்டும் முதலாளி செலவு. அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.