ஸ்கேட்போர்டு படமும் நம் ஊர் உப்பளமும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதமே நடக்கும் வேலை ஒன்று உண்டு. செல்போனில் நிரம்பி வழியும் படங்களைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதுதான் அது. மாற்றி முடித்ததும் பெரிய திரையில் அவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நின்று, கண் உயரத்தில், பத்தடி தள்ளி எடுத்தவையாக இருக்கும். படத்தில் இருப்பது யார் என்று தெரியும். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரியாது.

இந்தப் பழக்கத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் வாரன் போல்ஸ்டர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். 2006-ல் காலமானார். ஸ்கேட்போர்டு படங்கள் என்றாலே அந்தத் துறையினர் முதலில் சொல்லும் பெயர்களில் அவருடையது ஒன்று. ஸ்கேட்போர்டு என்பது நான்கு சக்கரம் வைத்த பலகைதான். அதற்கும் தூத்துக்குடிக்காரனான எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

1960-களில் அமெரிக்காவில் ஸ்கேட்போர்டு மோகம் வந்தது, வந்த வேகத்தில் போனது. அந்தக் காலத்துச் சக்கரங்கள் களிமண் கலவையில் செய்தவை. சிறு கல் தட்டினாலும் ஆள் கீழே விழ வேண்டியதுதான். 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்பவர் யூரித்தேன் பிளாஸ்டிக் சக்கரத்தைக் கொண்டு வந்தார். அது தரையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. 1960-களிலேயே நின்றுபோயிருந்த ‘ஸ்கேட்போர்டர்’ பத்திரிகை 1975-ல் மறுபடி வெளிவந்தது. கடலலைச் சறுக்குப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த போல்ஸ்டர் அதன் ஆசிரியரானார். அடுத்த இரண்டு ஆண்டுகள் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் காலியாகக் கிடந்தன. பையன்கள் பலகையோடு அவற்றுக்குள் இறங்கி, வளைந்த சுவரில் ஏற ஆரம்பித்தார்கள்.

அப்போது இதை யாரும் விளையாட்டாகவே மதிக்கவில்லை. பெரியவர்கள் கண்ணுக்கு அது வேலையற்ற பிள்ளைகளின் அட்டகாசம். கரையில் நின்று எடுத்திருந்தால் படமும் அப்படித்தான் சொல்லியிருக்கும். போல்ஸ்டர் அவர்களுக்குப் பக்கத்தில் போய், தாழ்வாக நின்று, ஃபிஷ் ஐ லென்ஸ் போட்டு எடுத்தார். பலகை முகத்தில் மோதிவிடும்போலத் தெரியும். சுவர் எவ்வளவு செங்குத்து, விளிம்பில் ஆள் எப்படிக் காற்றில் தொங்குகிறான் என்பதெல்லாம் ஒரே படத்தில் விளங்கிவிடும்.

ஃபிஷ் ஐ லென்ஸ் என்பது ஏறக்குறைய 180 டிகிரி காட்சியை ஒரு சட்டத்துக்குள் அடக்கும் லென்ஸ். 1924-ல் இங்கிலாந்தில் ராபின் ஹில் என்ற விஞ்ஞானி மேகங்களைப் பதிவு செய்ய இப்படி ஒன்றை உருவாக்கினார். வானத்தைப் பார்க்கப் பிறந்த லென்ஸ் காலி நீச்சல் குளத்துக்குள் இறங்கியது வேடிக்கைதான். இப்போது பல செல்போன்களில் 0.5 என்று காட்டும் அகல லென்ஸ் இதற்குத் தம்பி முறை. ஒரு வித்தியாசம் உண்டு. செல்போனில் லென்ஸ் காட்சியை வளைத்துத்தான் பிடிக்கிறது. உடனே உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் ஒவ்வொரு பிக்ஸலையும் இடம் மாற்றிக் கோடுகளை நேராக்குகிறது. அப்படி நேராக்கும்போது ஓரங்கள் இழுபடும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தி தன்னைக் குண்டாகக் காட்டிவிட்டதாகக் கோபித்துக்கொள்வது இதனால்தான். அடுத்த முறை அவரை நடுவில் நிறுத்துங்கள்.

போல்ஸ்டர் கையாண்ட இன்னொரு கருவி மோட்டார் டிரைவ். பட்டனை அழுத்திப் பிடித்தால் ஃபிலிம் தானாக நகர்ந்து அடுத்தடுத்துப் படம் எடுக்கும். ஒரு ரோலில் 36 படம். விநாடிக்கு ஐந்து வீதம் எடுத்தால் ஏழு விநாடியில் ரோல் காலி. கழுவிப் பிரிண்ட் போட்டால்தான் தேறியது எது என்று தெரியும். அந்தச் செலவுக்குப் பயந்தே எப்போது அழுத்துவது என்று கற்றுக்கொண்டார்கள். இன்று நம் செல்போனில் பர்ஸ்ட் என்ற பெயரில் அதே வசதி, காலணா செலவில்லாமல். அதனால்தானோ என்னவோ, நாம் கற்றுக்கொள்வதில்லை.

இன்று ஸ்கேட்போர்டு வீடியோ எதைத் திறந்தாலும் அந்த வளைந்த விளிம்பைப் பார்க்கலாம். பலகையோடு சேர்ந்து ஓடும் கேமரா என்ற எண்ணம் விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. அலைச்சறுக்குப் பிரியரான நிக் உட்மன் 2004-ல் விற்பனைக்குக் கொண்டு வந்த முதல் கோப்ரோ, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஃபிலிம் கேமராதான். ஸ்கேட்போர்டு 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம் பிடித்தது. நம் மாமல்லபுரத்து மீனவக் குடும்பச் சிறுமி கமலி, கவுன் போட்டு வெறுங்காலோடு சறுக்கும் படத்தை ஜேமி தாமஸ் என்ற அமெரிக்க வீரர் எடுத்தார். புகழ்பெற்ற டோனி ஹாக் அதைப் பகிர, உலகம் திரும்பிப் பார்த்தது. கமலியைப் பற்றிய குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது.

ஆனால் போல்ஸ்டர் விட்டுச்சென்றது வளைந்த விளிம்பு மட்டும்தான் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த விளைவுக்கு ஆப் இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் டவுன்லோட் ஆகிவிடும். தள்ளி நின்று எடுத்த படத்துக்கு அதைப் போட்டால் படம் வளையும், அவ்வளவுதான். போல்ஸ்டர் தானே அலையிலும் பலகையிலும் ஏறியவர். அடுத்த விநாடி உடம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவருக்குத் தெரியும். இன்னொன்று, அந்தப் பத்திரிகை பையன்களையே படக்காரர்களாக மதித்தது. பின்னாளில் பெரும்பெயர் பெற்ற கிளென் ஃபிரீட்மேனின் படம் 1976-ல் அதில் வந்தபோது அவருக்கு வயது 14.

இனி தூத்துக்குடிக்கு வருகிறேன். முத்து நகரம் என்கிறோம், ரயிலுக்கே அந்தப் பெயர். கடைசியாக இங்கு அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்து முத்துக்குளிப்புப் படங்கள் என்று நான் பார்த்தவற்றில் கரையில் வரிசையாக நிற்கும் ஆட்கள், தோணித் தளம், சிப்பிக் குவியல் இவைதான் உண்டு. மூச்சடக்கி இறங்கியவர் மேலே வந்து கயிற்றைப் பிடிக்கும்போது முகம் எப்படி இருந்தது? அந்தப் படங்களில் அது இல்லை. இனி எடுக்கவும் முடியாது.

சங்குகுளி இன்னும் இருக்கிறது. திரேஸ்புரத்திலிருந்து போகிறார்கள். பலர் இப்போது கம்ப்ரஸர் குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்து இறங்குகிறார்கள், ஆபத்தான தொழில். மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் மரத்தோணிகள் இருக்கின்றன. உப்பளம் இருக்கிறது. இவற்றைப் படம் எடுக்கிறோமா என்றால், எடுக்கிறோம். சூரியன் மறையும் பின்னணியில் கறுப்பு நிழலாக உப்பு சுமக்கும் பெண். போட்டிகளில் பரிசுக்கு வரும் படம் இதுதான். பார்க்க அழகு, முகம் கிடையாது. வெயிலில் பாத்திக்குள் நின்று வாரும் அக்காவின் கால் எப்படி வெடித்திருக்கிறது என்று அந்தப் படம் காட்டாது. எனக்கு அந்தப் படங்கள் பிடிப்பதில்லை.

இதற்குப் பெரிய கேமரா தேவையில்லை. முதலில் கேட்டு அனுமதி வாங்குங்கள், பெயரைக் கேளுங்கள், வேலையைச் சற்று நேரம் பாருங்கள். பிறகு குனிந்து, கைநீட்டும் தூரத்தில் 0.5-ல் எடுங்கள். உப்பு வெள்ளையாக இருப்பதால் கேமரா ஏமாந்து படத்தை மங்கலாக்கும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கடற்காற்று லென்ஸில் உப்புப் படலம் போடும், அவ்வப்போது மெல்லிய துணியால் துடையுங்கள். துறைமுக எல்லைக்குள் அனுமதியில்லாமல் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்துக்கொள்ளாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். கேபிள்தான் நல்லது. வருடம், மாதம், தேதி, இடம் என்ற வரிசையில் ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள். அப்போதுதான் கம்ப்யூட்டர் அவற்றைக் காலவரிசைப்படி அடுக்கும். அதே ஃபோல்டரில் ஒரு நோட்பேட் ஃபைல் திறந்து, படத்தில் இருப்பவர் பெயர், செய்யும் வேலை, அந்தக் கருவிக்கு அவர் சொன்ன பெயர் மூன்றையும் தமிழில் டைப் செய்து சேமியுங்கள். இன்னொரு பிரதியை வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். அடுத்த முறை உப்பளம் போகும்போது அந்த அக்காவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.