பச்சையாக இருந்தால் போதுமா?

சிங்காநல்லூரில் என் வீட்டு மேசையில் ஒரு திரை இருக்கிறது. கோவையின் இன்னொரு மூலையில் உள்ள ஒரு சர்வர் அறையின் திரவக் குளிரூட்டல் அதில் தெரியும். வெப்பநிலை, ஓட்டம், அழுத்தம் எல்லாம் எண்களாக வரும். எல்லை தாண்டினால் சிவப்பு, தாண்டாவிட்டால் பச்சை. எல்லைகளை எழுதியவன் நான். ஆகவே இங்கே விழப்போகும் திட்டில் முதல் பங்கு எனக்கு.

மூன்று வாரமாக எல்லாம் பச்சை. ஒருநாள் வேறு வேலையாக அங்கே போன பம்ப் ஃபிட்டர் ஒருவர் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, பம்பு சத்தம் செரியில்லீங்க. இத்தன வேகத்துல ஓடோணுங்களா இது?"

"எல்லாம் நார்மலாத்தானுங்கண்ணா காட்டுது."

"காட்டறது இருக்கட்டுங்க. ஒருக்கா வந்து கேட்டுப் பாருங்க."

போனேன். வடிகட்டி முக்கால்வாசி அடைத்துக் கிடந்தது.

நடந்தது இதுதான். சிப்பின் மேல் உட்காரும் செம்புத் தகட்டுக்குள் தலைமுடி அளவுக்குக் குறுகிய கால்வாய்களில் திரவம் ஓடுகிறது. அதில் தூசு சிக்கக்கூடாது என்பதற்காகத்தான் வடிகட்டி. வடிகட்டி அடைக்க அடைக்க, ஓட்டம் குறையாமலிருக்க பம்ப் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொண்டது. அதனால் ஓட்டமும் சரி, வெப்பநிலையும் சரி. ஏறிக்கொண்டே போனவை பம்பின் வேகமும் வடிகட்டிக்கு இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசமும்தான். அவை இரண்டுக்கும் நான் அலாரம் வைக்கவில்லை. பம்ப் மூச்சு வாங்கிக்கொண்டு ஈடுகட்டியதை நான் ஆரோக்கியம் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

என் தொழிலில் இப்போது "ஆளே இல்லாத டேட்டா சென்டர்" என்பது ஒரு பெருமை. வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். செயற்கை நுண்ணறிவுக்கான புதிய ரேக் ஒன்று 120 கிலோவாட் வரை வெப்பம் தள்ளும். தண்ணீர் 10 டிகிரி சூடேறலாம் என்று வைத்துக்கொண்டால், அந்த வெப்பத்தை வெளியேற்ற நிமிடத்துக்குச் சுமார் 170 லிட்டர் ஓட வேண்டும். நம்மூர் போர்வெல்லில் அவ்வளவு வந்தால் தோப்புக்காரர் கிடா வெட்டுவார். காற்றில் குளிரும் பழைய அறையில் ஏசி நின்றால் சில நிமிடங்களாவது கிடைக்கும். இங்கே ஓட்டம் நின்றால் சில நொடிகளில் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது அணைந்துவிடும். எனக்கு மெசேஜ் வந்து, நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் கதை முடிந்திருக்கும். அங்கே காப்பாற்றக்கூடியது தானாக எடுத்துக்கொள்ளும் மாற்று பம்பும், பம்புக்கும் சேர்த்துக் கொடுத்த யூபிஎஸ்ஸும்தான்.

மெதுவாக வரும் கோளாறுகளின் கதை வேறு. சீல் கசிவது, துருத்தடுப்பு மருந்து தீர்வது, திரவத்தில் பாசி மாதிரி கிருமி படிவது எல்லாம் வாரக்கணக்கில் நடக்கும். எல்லையைத் தாண்டினால்தான் கத்துவேன் என்று உட்கார்ந்திருக்கும் அலாரம் அதுவரை வாயே திறக்காது. வேகமான கோளாறுக்கு நான் தாமதம், மெதுவான கோளாறுக்கு நான் குருடு. பிறகு எதற்காக எனக்கு இந்தச் சம்பளம்?

தொலைவிலிருந்து பார்ப்பதே வீண் என்று சொல்லவில்லை. ஒருவர் பத்து இடத்தைக் கவனிக்கலாம். அந்த இரைச்சலுக்குள் ராத்திரி முழுக்க யாரையும் உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆனால் பார்ப்பது வேறு, பராமரிப்பது வேறு. முதலாவது இருப்பதால் இரண்டாவதை வெட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்களே, சண்டை அதனோடுதான்.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. திருச்சி என்ஐடியில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் 2022 மே மாதம் தொடங்கிய 838 டெராஃப்ளாப் திறனுள்ள பரம் பொருள், நேரடித் திரவக் குளிரூட்டலில்தான் ஓடுகிறது. இனி இவை பெருகும். அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் எது? தெருவுக்குத் தெரு பம்ப் பட்டறை வைத்திருக்கும் கோவை. மில்களில் காற்றின் ஈரம் குறைந்தால் நூல் அறுமென்று ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் ஷிஃப்ட் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பக்கத்து ஒண்டிப்புதூர் கம்போடியா மில் உள்ளிட்ட தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 ஊரடங்கில் நின்றன. தண்ணீர், காற்று, மோட்டார் மூன்றையும் காதாலும் கையாலும் படித்தவர்களை "ஐடி தெரியாது" என்று வாசலில் நிறுத்துகிறோம். எங்களுக்குப் பம்ப் தெரியாது என்பதை யாரும் கேட்பதில்லை.

அந்த ஃபிட்டருக்கு அன்று கிடைத்தது ஒருநாள் கூலி. அவர் பிடித்த கோளாறுக்குப் பாராட்டு மெயில் வந்தது எனக்கு. அதை இன்னும் அழிக்கவில்லை, உறுத்தட்டும் என்று.

பம்ப் வேகமும் வடிகட்டி அழுத்தமும் இப்போது என் திரையின் முதல் வரியில் இருக்கின்றன. அது பாதி வேலைதான். அவருக்கு ஒரு லாகின், ஒரு மாதச் சம்பளம், சத்தம் சரியில்லை என்றால் பம்பை மாற்றி ஓட்டும் அதிகாரம். இம்மூன்றையும் கேட்டு எழுதியிருக்கிறேன். "பார்க்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. பார்ப்பதில்தான் நாங்கள் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே.