பங்களா முற்றத்துக்குப் பலகைக்கல், லயத்துப் பாதைக்குச் சேறா?

துரை பங்களா உல்லாச விடுதியாகிறது என்றால் முதலில் மாறுவது முற்றம்தான். மலைநாட்டில் இப்போது பல தோட்டங்களில் பார்க்கிறோம். பூப்பாத்திகளுக்கு நடுவே தட்டையான கருங்கற் பலகைகள், வெளியே உட்கார்ந்து தேநீர் குடிக்கக் கல் பாவிய திண்ணை, வாகனம் நிற்கும் இடம்வரை கல் நடைபாதை. அந்தக் கற்களைச் சுமந்ததும் மட்டம் பார்த்துப் பதித்ததும் யார்? கொந்தரப்புக்குப் போன நம் ஆட்கள்தான்.

அதே ஆட்கள் மாலையில் லயத்துக்கு ஏறும் பாதையில் ஒரு கல்கூடக் கிடையாது. மழைக்காலத்தில் அது பாதையல்ல, கான். கொழுந்து மூட்டையோடு இறங்கும் பெண்கள் அதில்தான் சறுக்குகிறார்கள். பிள்ளை மடுவத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், பிரசவ வலி வந்தவளை லொறி நிற்கும் இடம்வரை கம்பளியில் கட்டித் தூக்குவதும் அதில்தான். விழுந்து கால் பிசகினால் அன்றைக்குப் பேர் இல்லை.

கேட்டால், கம்பனியிடம் காசில்லை என்கிறார்கள். முற்றத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அது வேறு கணக்காம்!

பிரதேச சபைக்குப் போனால், "தோட்டத்துக்குள் நாங்கள் செலவழிக்க முடியாது" என்ற பழைய பாட்டு. ஒரு காலத்தில் அதற்குச் சட்டமே தாளம் போட்டது உண்மை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டியே நம்மைத் திருப்பி அனுப்பினார்கள். நாமும் வாக்குப் போட்டுத்தான் சபை அமைந்தது, ஆனால் சபையின் காசு நம் லயத்துக்கு வரவில்லை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கிவிட்டது. இன்னும் அதே பாட்டைப் பாடுகிறவர்கள் திருத்தத்தைப் படிக்கவில்லை, அல்லது நாம் படிக்கமாட்டோம் என்று நினைக்கிறார்கள்.

மேலே கொஞ்சம் சீமெந்து பூசித் தருகிறோம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். சரிவில் மழைநீர் அடிமண்ணை அரித்ததும் மெல்லிய சீமெந்து வெடித்துப்போகும். மண்ணைப் படியாக வெட்டி, சரளை போட்டு இறுக்கி, மிதித்தால் ஆடாத கனத்தில் பலகைக்கல் பதித்து, ஓரத்தில் கான் வெட்டுங்கள். ஒரு கல் தாழ்ந்தால் அதை மட்டும் கிளப்பித் திரும்பப் போடலாம். கல்லின் முகம் சொரசொரப்பாக இருக்கட்டும், பாசி பிடித்தால் வழுக்கும். (பங்களா முற்றத்துக் கல்லைத் தேய்த்துக் கழுவ ஆள் உண்டு. நமக்கு யார்?)

தோட்டத் தலைவர்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வர வேண்டாம். லயத்திலிருந்து பெரட்டுக்களம் வரை எத்தனை அடி, எத்தனை படி, எங்கே கான் தேவை என்று அளந்து எழுதி வாருங்கள். அளக்கும்போது மாதர் அணியினரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த வளைவில் சறுக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பிரதி துரைக்கு, ஒரு பிரதி சபைத் தவிசாளருக்கு. பதிக்கும் வேலைக்குப் பேர் போட்டுச் சம்பளம் தர வேண்டும். சிரமதானம் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையில் நம்மை இழுக்க விடமாட்டோம்.