பேச்சாளர்களே, கணக்கைச் சொல்லுங்கள்!

நம் பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவோர் கருத்தரங்கு நடக்காத பருவமே இல்லை எனலாம். தமிழ்மொழிக் கழகம் ஒன்று நடத்தும். இந்திய மாணவர் அமைப்பு ஒன்று நடத்தும். வணிகப் புலம் தன் பங்கிற்கு மலாயில் ஒன்று நடத்தும். கடந்த மூன்று ஆண்டுகளில் பதினொரு சிறப்புப் பேச்சாளர்களின் உரைகளைக் கேட்டிருக்கிறேன். அவற்றுள் நான்கில் ஏற்பாட்டுக் குழுவிலும் இருந்தேன். நாற்காலி அடுக்கியவன், நினைவுப் பரிசு வாங்க ஓடியவன், பேச்சாளரைக் கார் நிறுத்துமிடத்திலிருந்து அழைத்து வந்தவன் என்ற உரிமையில் சில கருத்துகளை இங்கே எழுதத் துணிகிறேன்.

"எப்படி வெற்றி பெற்றீர்கள்?" என்ற கேள்வியோடுதான் நாம் பேச்சாளர்களை அழைக்கிறோம். அவர்களும் துணிச்சல், விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று பதில் சொல்லி, பொன்னாடை போர்த்திக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு விடைபெறுகிறார்கள். திருக்குறளில் பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது என்பதை யாரும் நினைவூட்டத் தவறுவதில்லை. தம்புசாமிப் பிள்ளையின் பெயர் வரும். 2024-இல் மறைந்த ஆனந்த கிருஷ்ணனின் பெயரும் வரும். கைதட்டல் ஓய்ந்து விடுதிக்குத் திரும்பிய பிறகு, ஒரு கடை திறக்க வேண்டுமானால் நாளைக் காலையில் என்ன செய்வது என்று யோசித்தால், குறிப்பேட்டில் ஒன்றும் இருக்காது. எவ்வளவு போட்டார், எவ்வளவு வந்தது, எப்போது வந்தது என்பதைப் பதினொருவரில் மூவர்தாம் வாய்திறந்து சொன்னார்கள். நான் கற்றதெல்லாம் அம்மூவரிடமிருந்துதான்.

முதலாமவர் கிள்ளானிலிருந்து வந்த ஓர் அம்மையார். வீட்டிலேயே முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய் உருண்டை செய்து விற்பவர். மேடையில் நின்று பேச வராது என்று சொல்லி, நாற்காலியில் அமர்ந்தே பேசினார். ஒரு டப்பா முறுக்கு 15 ரிங்கிட்டுக்கு விற்றாராம். மாவு, எண்ணெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து 6 ரிங்கிட். காலி டப்பாவும் அதன்மேல் ஒட்டும் தாளும் 1 ரிங்கிட் 80 சென். எரிவாயு 70 சென். மிச்சம் எவ்வளவு என்று எங்களைக் கேட்டார். ஆறரை ரிங்கிட் என்று முன்வரிசையில் இருந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

"தம்பி, நானும் என் தங்கச்சியும் எட்டு மணி நேரம் அடுப்படியிலே நின்னாத்தான் இருபது டப்பா ஆகும். எங்க சம்பளத்தை எங்கே போட்டீங்க?" என்றார்.

மண்டபம் அமைதியானது. பிறகு கைப்பேசிகள் வெளியே வந்தன. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் அது 8 ரிங்கிட் 17 சென். இருவரும் சேர்ந்து உழைத்தது 16 மணி நேரம். அதற்குக் கூலி 130 ரிங்கிட் 72 சென். இருபது டப்பாவில் நின்றதோ 130 ரிங்கிட். ஆக, ஒரு நாள் முழுதும் நின்று வெந்து 72 சென் நட்டம்! மூன்று தீபாவளிகளுக்கு இலாபம் என்று எண்ணிக் கொண்டாடியது தம் சொந்தக் கூலியைத்தான் என்று அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னார். 2025 தீபாவளிக்கு முன் விலையை 18 ரிங்கிட் ஆக்கினார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போய்விடுவர் என்று அஞ்சினாராம். போனது நான்கு குடும்பங்கள். இப்போது அதே இருபது டப்பாவில், இருவரின் கூலியும் போக, 59 ரிங்கிட் 28 சென் நிற்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் கேட்ட மிகச் சிறந்த விரிவுரைகளில் அந்த அரைமணி நேரமும் ஒன்று.

இரண்டாமவர் கட்டடத் துப்புரவுக் குத்தகையாளர். அவருடைய பாடம் இன்னும் கசப்பானது. மாதம் 20,000 ரிங்கிட்டுக்கு ஒரு குத்தகை கிடைத்தது. ஆள் கூலி, மருந்து, போக்குவரத்து எல்லாம் 17,000. காகிதத்தில் பார்த்தால் மாதம் 3,000 இலாபம். ஆனால் பணம் 60 நாளில் தருவதாக ஒப்பந்தம். வந்து சேர்ந்ததோ 90 நாளில். முதல் காசோலை கைக்கு வருவதற்குள் அவர் தம் கையிலிருந்து மூன்று மாதச் செலவாக 51,000 ரிங்கிட்டைப் போட்டாக வேண்டியிருந்தது. கணக்காளர் வந்து, "உங்கள் நிறுவனம் இலாபத்தில் இருக்கிறது" என்று சொன்ன அன்று, அவர் மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடையில் இருந்ததாம்.

இலாபம் வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு என்பதை எங்கள் பாடநூலும் சொல்கிறது. ஆனால் அது ஏன் உயிரை வாங்குகிறது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஊழியர் சேமநிதிக்கான பணத்தை மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். இவை நியாயமான சட்டங்கள். தோட்டத்தில் சம்பளத்திற்காகக் காத்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இவற்றைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் பெரிய நிறுவனம் சிறிய குத்தகையாளரை மூன்று மாதம் இழுத்தடித்தால், அவர் வாய்திறக்க அஞ்சுகிறார். கேட்டால் அடுத்த குத்தகை போய்விடும். ஆகவே, "எவ்வளவு இலாபம்?" என்பதற்கு முன் "எத்தனை நாளில் பணம்?" என்று கேளுங்கள் என்றார். இந்த ஒரு வரிக்காகவே அவருக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தலாம்.

மூன்றாமவர் வெற்றியாளரே அல்லர். நண்பரோடு சேர்ந்து அச்சுக்கடை நடத்தி, மூடியவர். அவரை அழைப்பதா என்று எங்கள் குழுவிலேயே வாக்குவாதம் எழுந்தது. "தோற்றவர் வந்து என்ன பேசப் போகிறார்?" என்றார் ஒருவர். வந்தவர் பேசியது சட்டம். எஸ்.எஸ்.எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். இவ்வளவு எளிதா என்று நாம் மகிழ்வோம். ஆனால் இப்படிப் பதிவாகும் கூட்டு வணிகத்தில், ஒரு பங்காளி கடைப் பெயரில் வாங்கும் கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. கடைக்கு வெளியே உள்ள சொந்தச் சொத்தும் தப்பாது. நண்பர் கடனுக்குக் காகிதமும் மையும் வாங்கிக் குவித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இவர் ஐந்தாண்டுகள் அடைத்தார். 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 500 ரிங்கிட் கட்டி, வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனமாகப் பதிந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். பங்காளி என்ற சொல்லை நம் முன்னோர் ஏன் சற்றே அச்சத்தோடு பயன்படுத்தினார்கள் என்று எனக்கு அன்று விளங்கியது.

மற்ற எண்மரை நான் இழிவுபடுத்தவில்லை. அவர்களில் பலர் நல்லவர்கள். தங்கள் செலவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு வந்தவர்கள். ஆனால் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் கண்கலங்கப் பேசினார். தாயைப் பற்றிப் பேசினார், வறுமையைப் பற்றிப் பேசினார், முதலாளிக்கு அடிமையாகாதீர்கள் என்றார். கடைசியில் பாரம் ஒன்று வரிசை வரிசையாக வந்தது. 300 ரிங்கிட் கட்டிச் சேர வேண்டும். பிறகு ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். என்ன பொருளை விற்கிறோம் என்று ஒரு மாணவி கேட்டதற்கு, "எதிர்மறையாகச் சிந்திக்காதே, தங்கச்சி" என்பதுதான் பதில். எல்லா நேரடி விற்பனையும் மோசடி அன்று. உரிமம் பெற்று முறையாக நடப்பவை உண்டு. ஆனால் 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் பிரமிடுத் திட்டங்களைத் தடுப்பதற்கென்றே பிரிவுகள் வைத்திருக்கிறது. கணக்கைக் கேட்பவனை எதிர்மறையாளன் என்று சொல்லும் எவரையும் நம் கழகம் மேடை ஏற்றக் கூடாது.

இதில் நாம் பணயம் வைப்பது சிறிதன்று. நம்மில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். பட்டத்தோடு பி.டி.பி.டி.என் கடனும் கூடவே வரும். தம்பி தங்கைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். இந்நிலையில் ஒருவன் தொழிலில் 20,000 ரிங்கிட்டை இழந்தால், பெரும்பாலும் அது அவன் பணமாக இருப்பதில்லை; அப்பாவின் சேமநிதியாக இருக்கும், அம்மாவின் கூட்டுப் பணமாக இருக்கும். "அரசாங்க வேலைக்கு மனு போடு" என்று சொல்லும் பெற்றோரைக் கோழைகள் என்று மேடையில் கேலி செய்வது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் தங்கள் அளவில் கணக்குப் போட்டுத்தான் பேசுகிறார்கள். அதற்கு மறுமொழியாக நாம் இன்னும் தெளிவான கணக்கைக் காட்ட வேண்டுமே தவிர, துணிச்சலைக் காட்டிப் பயனில்லை.

எண்களைச் சொன்னால் மாணவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று எங்கள் முன்னாள் தலைவர் ஒருவர் கருதினார். நான் அப்படி நினைக்கவில்லை. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டுக்கொண்டிருந்தன. பால்மரத் தொழிலாளிகளிடம் அவர் போய்ச் சொன்னது, மாதம் பத்து வெள்ளி. அந்த எண்ணைத் தன் சம்பளத்தோடு ஒப்பிட்டு, முடியுமா முடியாதா என்று ஒவ்வொரு தொழிலாளியும் தானே முடிவு செய்துகொள்ளலாம். மக்கள் சேர்ந்தார்கள், கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டமும் வாங்கப்பட்டது. எண் யாரையும் விரட்டவில்லை.

இன்னொரு செய்தி. ஆறாம் ஆண்டு வரை இலாப நட்டக் கணக்கைத் தமிழில் போட்டவன் நான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் இலாபம் 'உந்தோங்' ஆனது, நட்டம் 'ருகி' ஆனது. முதல், கொள்முதல், நிலுவை, பேரேடு, ஐந்தொகை ஆகிய சொற்களை மறந்தே போயிருந்தேன். கிள்ளான் அம்மையார் "நிலுவை" என்று இயல்பாகச் சொன்னபோது, இச்சொற்கள் இன்னும் உயிரோடு புழங்குகின்றன என்பதே வியப்பாக இருந்தது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கடை வைத்திருந்த செட்டியார்கள் பிள்ளைகளுக்குக் கருத்தரங்கு நடத்தவில்லை. பெட்டியடிப் பையனாக உட்கார வைத்தார்கள். அவன் பேரேட்டைப் பார்த்துப் பார்த்து அடுத்தாள் ஆனான், பிறகு மேலாள் ஆனான். வட்டித் தொழிலில் எனக்கு மதிப்பில்லை. ஆனால் அந்தப் பயிற்சி முறையில் மதிப்பு உண்டு.

ஆகவே அடுத்த செயற்குழுவிடம் என் வேண்டுகோள் ஒன்றே. ஆண்டுக்கு நான்கு பேச்சாளர்களை அழைப்பதற்குப் பதில் இருவரை அழையுங்கள். அழைப்புக் கடிதத்திலேயே, ஒரு மாதத்தின் வரவு செலவை வெண்பலகையில் எழுதிக் காட்ட இயலுமா என்று கேளுங்கள். இயலாது என்பவருக்கு நன்றி சொல்லிவிடலாம். மிச்சப்படும் பணத்தில் பேருந்துக் கட்டணம் கொடுத்து, விருப்பமுள்ள மாணவர்களைச் சனி, ஞாயிறுகளில் ஒரு கடையின் கல்லாவுக்கு அருகே உட்கார அனுப்புங்கள். கிள்ளான் அம்மையாரிடம் கேட்டுவிட்டேன். தீபாவளிக்கு முந்திய ஆறு வாரங்களுக்கு அவருக்கு ஆள் வேண்டுமாம். மணிக்கு 8 ரிங்கிட் 50 சென்னும் மதியச் சாப்பாடும் தருவார். வேலை முடிந்ததும் அன்றைய கணக்குப் புத்தகத்தையும் காட்டுவார். இதுவரை நாங்கள் இருவர் பெயர் கொடுத்திருக்கிறோம். இன்னும் மூன்று இடம் இருக்கிறது.