வந்தவன் யார், போனவன் யார்?



சென்ற மாதம் நிபோங் திபால் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பெரட்டு நேரம். நம் பையன் ஒருவன், செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத் தொழிலாளியைப் பார்த்து, "வந்தேறிப் பயலே, உன்னாலதான் எங்க சம்பளம் ஏறல" என்று கத்திவிட்டான். பக்கத்தில் நின்ற பாட்டி விடவில்லை. "ஏன்டா, உங்க பூட்டன் மட்டும் இந்த மண்ணுலயா முளைச்சான்?" என்று கேட்டார். பையன் வாய் திறக்கவில்லை.

பாட்டி கேட்டது நியாயம். ஊரை விட்டுப் போகிறவனுக்குப் பல மொழிகளில் இரண்டு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் நாட்டை விட்டுப் போனால் 'எமிகிரண்ட்', உள்ளே வந்தால் 'இமிகிரண்ட்'. மலாயில் பிழைப்புத் தேடிப் போகிறவன் 'பெரந்தாவ்'. போன இடத்தில் அவனே 'பெண்டாத்தாங்'. தமிழில் புலம்பெயர்ந்தவர் என்றால் மரியாதை, வந்தேறி என்றால் வசவு. அந்தத் தொழிலாளியை அவன் ஊரில் 'புரொபாஷி' என்கிறார்கள். அயல்நாட்டில் வாழ்பவன் என்று பொருள்.

நம் முன்னோர் கதையும் இதுதான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, இந்தத் தென் செபராங் பிறையில் கரும்பு வெட்டினார்கள். பிறகு ரப்பர் மரம் சீவினார்கள். ஊரில் அவர்கள் 'அக்கரைக்குப் போனவர்கள்'. இங்கே 'கூலிகள்'. சஞ்சிக்கூலிக்கு ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. வசவு நின்றதா? இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளையும் 'பெண்டாத்தாங்' என்று மேடையில் சொன்னபோது நமக்கு வயிறு எரிந்ததே! அதே சொல்லை நாம் இன்னொருவன் மேல் வீசலாமா?

சம்பளம் ஏறாததற்கு அவன் என்ன செய்வான்? குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்வரை முதலாளி யாருக்கும் கூட்டித் தரமாட்டார். நாம் அவனை ஏசிக்கொண்டிருந்தால் லாபம் முதலாளிக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்து, ஆகஸ்டு முதல் சிறிய இடங்களுக்கும் பொருந்துகிறது. தோட்டத்தில் உள்ளூர்க்காரன், வெளிநாட்டுக்காரன் என்ற பேதம் இதில் கிடையாது. அவனுடைய பாஸ்போர்ட்டை மற்றவர் பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அவன் சங்கத்தில் அங்கத்தினராகச் சேரவும் தடை இல்லை.

ஆகவே, அடுத்த சம்பள நாளில் உங்கள் சம்பளச் சீட்டையும் அவன் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவனுக்குக் குறைத்திருந்தால், நாளைக்கு உங்களுக்கும் குறையும். கையோடு சங்கத்துக்குக் கூட்டி வாருங்கள். வரும்போது அவன் பெயரையும் கேட்டு வையுங்கள். அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவோம்.